செம்பில் களிம்பு: எலுமிச்சை உப்பை வைத்து வீட்டிலேயே பிசிபி செய்வது

செப்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பிசிபி எட்ச்சிங்கின், அதாவது சர்க்யூட் போர்டின் செம்பை அரித்தெடுக்கும் வேலையின், பாதி வேதியியல் ஏற்கெனவே தெரியும். புளியில் அமிலம் இருக்கிறது. கூடவே கொஞ்சம் உப்பு. இரண்டும் சேர்ந்து குடத்தின்மேல் கறுத்துப்போன ஆக்சைடைக் கரைத்துவிடுகின்றன. அடியில் இருக்கும் செம்பை ஒன்றும் செய்வதில்லை. செம்பு வெறும் அமிலத்துக்கு லேசில் அசையாது. முதலில் அது ஆக்சிஜனோடு சேர வேண்டும், அப்புறம்தான் அமிலம் அதைத் தின்னும். துலக்கிய குடத்தை ஈரத்தோடு மூலையில் போட்டுவைத்தால் பச்சையாகக் களிம்பு ஏறுவது அதனால்தான்.

வீட்டில் சர்க்யூட் போர்டு செய்வது, அந்தக் களிம்பை நாமே வேண்டுமென்று, வேண்டிய இடத்தில் மட்டும், இருபது நிமிடத்தில் ஏற்றிக் கரைத்துவிடுவது. செம்புத் தகடு ஒட்டிய போர்டில், மின்சாரம் ஓட வேண்டிய தடங்களைப் பிரின்டரின் டோனரால் மூடிவிட்டு மீதிச் செம்பைக் கரைத்துவிடுகிறோம். காற்றிலுள்ள ஆக்சிஜனுக்குப் பதில் மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு. புளிக்குப் பதில் மளிகைக் கடை எலுமிச்சை உப்பு. உப்புக்கு உப்பேதான்.

உதாரணத்துக்கு ஒரு சின்ன போர்டை எடுத்துக்கொள்கிறேன்: 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 5 வோல்ட் எடுக்கும் 7805 சர்க்யூட். ஒரு 7805 (வோல்டேஜை 5-ல் நிறுத்தும் மூன்று கால் ஐசி), ஒரு 4007 டயோடு, நான்கைந்து கெப்பாசிட்டர், இரண்டு கனெக்டர். அளவு 5 செ.மீ.க்கு 4 செ.மீ. முதல் போர்டுக்கு இது போதும். 230 வோல்ட் நேரடியாக வரும் எதையும் வீட்டில் அரித்த போர்டில் செய்ய வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

எந்தக் கரைசல்?

சென்னை ரிச்சி தெருவில் போய் எட்ச்சிங் என்று கேட்டால் ஃபெர்ரிக் குளோரைடைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நல்ல பொருள்தான், வேலை சுத்தமாக நடக்கும். ஆனால் பழுப்பு நிறத்தில் துணி, டைல்ஸ், விரல் என்று பட்ட இடமெல்லாம் கறை. எவர்சில்வர் சிங்க்கில் சிந்தினால் சிங்க்கையும் அரிக்கும். கரைசல் கறுப்பாக இருப்பதால் உள்ளே போர்டு என்ன கதியில் இருக்கிறது என்று பார்க்கவும் முடியாது. பார்க்க முடியாததுதான் எனக்குப் பெரிய குறை.

இணையத்தில் அதிகம் சுற்றுவது வினிகர், பெராக்சைடு, உப்பு என்ற கலவை. அதுவும் வேலை செய்யும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். போர்டின்மேல் இருக்கும் செம்புத் தகடு வழக்கமாக 35 மைக்ரான் கனம், சதுர செ.மீ.க்குச் சுமார் 31 மில்லிகிராம் செம்பு. நம் ஊர்க் கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் 4 சதவீதம் அளவில்தான் இருக்கும். 50 மி.லி. வினிகரும் 50 மி.லி. பெராக்சைடும் கலந்தால், அந்த அமிலம் முழுவதும் தீர்ந்தாலும் கரைவது சுமார் 1 கிராம் செம்பு. கடைசிப் பகுதி கரையும்போது அமிலம் நீர்த்துப்போய் இழுத்துக்கொண்டே கிடக்கும். பலர் மூன்று மணி நேரம் காத்திருந்து வெறுத்துப்போவது இதனால்தான்.

எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் திடப்பொருள். வேண்டிய அளவுக்குக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளலாம், வாடையும் இல்லை. நான் வைத்துக்கொள்ளும் அளவு: 3 சதவீதப் பெராக்சைடு 100 மி.லி., எலுமிச்சை உப்பு 30 கிராம், சமையல் உப்பு 5 கிராம். இது 100 சதுர செ.மீ. போர்டை, அதாவது 3 கிராம் செம்பை, தாராளமாகக் கரைக்கும். நம் 7805 போர்டில் செம்பு முழுவதையும் கரைத்தாலே 0.6 கிராம்தான். பாதி அளவு கரைசலே, 50 மி.லி., தாராளம்.

பெராக்சைடு வாங்கும்போது பாட்டில் சீட்டைப் படியுங்கள். நம் மருந்துக் கடைகளில் பெரும்பாலும் 20 வால்யூம் என்று போட்டிருக்கும். 1 மி.லி. சிதைந்தால் 20 மி.லி. ஆக்சிஜன் வரும் என்று அர்த்தம். சதவீதத்தில் அது 6. ஆகவே சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம் ஆகிவிடும். வீரியம் கூடினால் வேலை வேகமாகும் என்று அப்படியே ஊற்றினால் கரைசல் சூடேறி, நுரைத்து, டோனரைக் கிளப்பிவிடும். 30 சதவீதப் பெராக்சைடு ஆய்வகப் பொருள். தோலை வெந்துபோகச் செய்யும், வீட்டுக்குள் வேண்டாம். பாட்டில் பழசா என்று சந்தேகம் வந்தால், ஒரு பச்சை உருளைக்கிழங்குத் துண்டின்மேல் இரண்டு சொட்டு விடுங்கள். பொங்கி நுரைத்தால் உயிர் இருக்கிறது.

கலக்கக் கூடாதவை மூன்று. துணி வெளுக்கும் பிளீச், பிளீச்சிங் பவுடர் இரண்டும் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கழிவறை கழுவும் ஆசிட்டைச் சேர்த்தால் வேகம் வரும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், அந்தப் புகை உங்கள் மூக்கையும் அறையிலுள்ள கருவிகளையும் சேர்த்தே அரிக்கும். மூன்றாவது, நெயில் பாலிஷ் ரிமூவரில் வரும் அசிட்டோன். டோனரைத் துடைக்க அது பிறகு தேவைப்படும். ஆனால் பெராக்சைடும் அமிலமும் இருக்கும் பாத்திரத்தில் அது ஒரு துளிகூட விழக் கூடாது, வெடிக்கக்கூடிய பொருள் உருவாகும். போர்டைக் குழாயில் நன்றாகக் கழுவித் துடைத்த பிறகுதான், வேறு மேசையில், அசிட்டோன் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

வரைவதும் பிரின்ட் எடுப்பதும்

வரைய கீகேட் போன்ற இலவச மென்பொருள் போதும். டிராக்கின், அதாவது மின்சாரம் ஓடும் செம்புக் கோட்டின், அகலத்தை 1 மி.மீ. வையுங்கள், இடம் இல்லையென்றால் 0.7. இரண்டு டிராக்குக்கு நடுவே அரை மி.மீ. இடைவெளி இருக்கட்டும். பேட்கள் (பாகங்களின் கால்களைப் பற்றவைக்கும் செம்பு வட்டங்கள்) குறைந்தது 2 மி.மீ. விட்டம், இல்லாவிட்டால் துளை போடும்போது பேட்டே பெயர்ந்து வந்துவிடும். காலியாக இருக்கும் இடத்தையெல்லாம் கிரவுண்டாக (பொதுவான மைனஸ் முனையோடு சேர்ந்த செம்பாக) நிரப்பிவிடுங்கள். கரைக்க வேண்டிய செம்பு குறையும், நேரமும் மிச்சம்.

இனி எல்லாரும் ஒருமுறையாவது விழும் குழி: கண்ணாடிப் பிம்பம். ஒற்றைப் பக்க போர்டில் டிராக்குகள் அடிப்பக்கம். மென்பொருள் அதை மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதுபோலக் காட்டுகிறது, அதாவது ஏற்கெனவே ஒருமுறை திரும்பித்தான் இருக்கிறது. நாம் தாளைக் கவிழ்த்துச் செம்பின்மேல் ஒட்டும்போது இரண்டாவது முறை திரும்பி நேராகிவிடும். ஆகவே அடிப்பக்க லேயரை அப்படியே பிரின்ட் எடுக்க வேண்டும், மிரர் போடக் கூடாது. குழப்பமாக இருக்கிறதா? அடிப்பக்கச் செம்பிலேயே, மென்பொருளின் அடிப்பக்க லேயரில், இரண்டெழுத்து எழுதிவிடுங்கள். தாளில் அந்த எழுத்து கண்ணாடிப் பிம்பமாகத் தெரிந்தால் சரி. நேராகப் படிக்க முடிந்தால் தப்பு. என் முதல் போர்டில் இந்தத் தப்பைச் செய்தேன். 7805-க்கு மூன்று கால்தான் என்பதால் திருப்பிப் போட்டுத் தப்பித்தேன். 16 கால் ஐசியாக இருந்திருந்தால் குப்பைக்குத்தான்.

பிரின்ட் லேசர் பிரின்டரில் அல்லது ஜெராக்ஸ் மெஷினில் எடுத்ததாக இருக்க வேண்டும். டோனர் என்பது கறுப்பு பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகிச் செம்பில் ஒட்டும், அமிலம் அதைத் தொடாது. இங்க்ஜெட் மை தண்ணீரில் கரைந்துவிடும், அது உதவாது. தாளுக்கு வழவழப்பான ஆர்ட் பேப்பர். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் துண்டுத் தாளாகவே கிடைக்கும். பழைய பத்திரிகைப் பக்கமும் ஆகும், ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரர் அதைத் தன் மெஷினில் விட மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. பிளாஸ்டிக் பூச்சுள்ள போட்டோ பேப்பரை மட்டும் லேசரில் விடாதீர்கள், உள்ளே உருகிச் சுற்றிக்கொள்ளும். டோனர் சிக்கனத்தை அணைத்து, கறுப்பை முழு அடர்த்தியில் வைத்து, 100 சதவீத அளவில் எடுங்கள். 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற வசதி தானாகவே அளவை மாற்றிவிடும். பிரின்ட் கைக்கு வந்ததும் உண்மையான கனெக்டரையும் 7805-ஐயும் அதன்மேல் வைத்துக் கால்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அரித்த பிறகு பார்த்துப் பிரயோசனம் இல்லை.

இஸ்திரிப் பெட்டி வேலை

செம்புத் தகடு ஒட்டி விற்கும் காப்பர் கிளாட் போர்டு இரண்டு வகை. பழுப்பாக இருப்பது பினாலிக்: விலை குறைவு, துளை போட எளிது, சூட்டில் வளையும். வெளிர்பச்சையாக, வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவும்படி இருப்பது கிளாஸ் எபாக்ஸி: உறுதியானது, துளையூசியைத் தின்னும். முதல் போர்டுக்கு நான் கிளாஸ் எபாக்ஸியைத்தான் சொல்வேன், காரணம் கீழே வரும்.

தோல்வியில் முக்கால்வாசி இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது, அதுவும் சுத்தம் போதாமல். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரில் சோப்பு போட்டு, செம்பு முழுவதும் ஒரே சீரான மங்கல் இளஞ்சிவப்பாகும்வரை வட்டமாகத் தேய்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக ஒதுங்காமல் விரிப்பாகப் பரவ வேண்டும். முத்து நின்றால் எண்ணெய் இருக்கிறது, மறுபடி தேயுங்கள். அப்புறம் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். ஒரு விரல் ரேகை பட்ட இடத்தில் டோனர் ஒட்டாது, அங்கேதான் டிராக் அறும்.

இஸ்திரிப் பெட்டியைக் காட்டன் சூட்டில் வைத்து, நீராவி இல்லாமல், முதலில் போர்டை மட்டும் அரை நிமிடம் சூடாக்குங்கள். தாளைக் கவிழ்த்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். இந்த அளவுக்கு நான்கைந்து நிமிடம். தாள் லேசாகப் பழுப்பேறி, டிராக்கின் தடம் முதுகுப் பக்கம் தெரிய ஆரம்பித்தால் போதும். ரொம்ப நேரம் வைத்தால் டோனர் நசுங்கி டிராக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுத் தண்ணீரில் போடுங்கள். அவசரப்பட்டுத் தாளை உரித்தால் டோனரும் கூடவே வரும். கால் மணி நேரம் ஊறியபின் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்தால் தாள் கூழாகிப் போய்விடும். டோனரின்மேல் வெள்ளையாக நார் நின்றால் பரவாயில்லை. இரண்டு டிராக்குக்கு நடுவே நின்றால் பழைய டூத் பிரஷால் எடுத்துவிடுங்கள். விட்டுப்போன இடத்துக்குப் பெர்மனன்ட் மார்க்கரால் இரண்டு கோட்டிங் கொடுக்கலாம். நெயில் பாலிஷ் இன்னும் நன்றாக நிற்கும், முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

செம்பை மெழுகால் மூடிக் கீறி, திறந்த இடத்தை அமிலத்தால் அரிப்பது ஓவியர்களின் பழைய அச்சுத் தொழில். வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் 1936-ல் லண்டனில் அச்சிட்ட சர்க்யூட்டோடு ஒரு வானொலி செய்து காட்டியபோது வேலை செய்தது இதே சிந்தனைதான்.

கரைசலில் இறக்குவது

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ரப்பர் கையுறையும். இடம் மொட்டைமாடி அல்லது பால்கனி. பாத்திரம் பிளாஸ்டிக்: ஹோட்டல் பார்சல் டப்பா அளவெடுத்ததுபோல இருக்கும். அலுமினியம் கூடவே கூடாது, செம்புக் கரைசல் அதோடு கொதித்துக்கொண்டு வினைபுரியும். எவர்சில்வர் தட்டும் வேண்டாம். எதில் செய்தாலும் அந்தப் பாத்திரமும் கரண்டியும் இனி சமையலறைக்குத் திரும்பாது.

6 சதவீதப் பெராக்சைடு 25 மி.லி., வெதுவெதுப்பான தண்ணீர் 25 மி.லி. அதில் எலுமிச்சை உப்பு 15 கிராம், அதாவது மூன்றரைத் தேக்கரண்டி, போட்டு மரக்குச்சியால் கலக்குங்கள். தெளிந்ததும் போர்டைச் செம்பு மேல்பக்கம் வரும்படி இறக்குங்கள். இப்போது ஒன்றும் நடக்காது; செம்பு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். இப்போது அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவுங்கள். சில நொடிகளில் செம்பு முழுவதும் பொடிக் குமிழ்கள் எழும்பி, கரைசல் இளம்பச்சையாகத் திரும்பும். உப்பிலுள்ள குளோரைடு, செம்பின்மேல் படியும் படலத்தை நிலைக்கவிடாமல் செம்பைப் பிடித்துக் கரைசலுக்குள் இழுக்கிறது. புளியோடு உப்புச் சேர்த்துத் துலக்கியவர்கள் பெயர் தெரியாமல் பயன்படுத்தியது இந்தக் குளோரைடைத்தான். நான் எத்தனையோ போர்டு செய்தாகிவிட்டது, இந்த உப்பு விழும் நொடியை மட்டும் இன்னும் குனிந்து பார்க்கிறேன்.

டப்பாவின் ஒரு ஓரத்தைத் தூக்கித் தூக்கி வைத்து ஆட்டிக்கொண்டே இருங்கள். ஆட்டாவிட்டால் குமிழ் நின்ற இடத்தில் செம்பு புள்ளி புள்ளியாக மிஞ்சும். நம் ஊர் வெயிலில் பதினைந்து முதல் முப்பது நிமிடம் ஆகும். கரைசல் தானாகவே சூடாகும். கை வைக்க முடியாத சூடு வந்தால் டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். சூடு கூடினால் பெராக்சைடு செம்பைக் கரைக்காமல் வெறும் ஆக்சிஜனாகப் போய்விடும். குமிழ் நின்று இன்னும் செம்பு இருந்தால் பெராக்சைடு தீர்ந்துவிட்டது. இன்னும் 10 மி.லி. ஊற்றினால் தொடரும்.

செம்பு ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கரைந்து வரும். முடிந்ததா என்று பார்க்க, பிளாஸ்டிக் கிளிப்பால் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கிளாஸ் எபாக்ஸி வாங்கச் சொன்னது இதற்குத்தான்: செம்பு போன இடமெல்லாம் வெளிச்சம் வரும், ஒரு மயிரிழை மிஞ்சியிருந்தாலும் நிழலாகத் தெரியும். முடிந்ததும் உடனே எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டால், மேலே டோனர் இருந்தாலும் பக்கவாட்டில் புகுந்து டிராக்கை மெலியவைக்கும்.

கலந்த கரைசலை அடுத்த வாரத்துக்கு என்று பாட்டிலில் அடைக்காதீர்கள். கரைந்த செம்பு பெராக்சைடைச் சிதைத்துக்கொண்டே இருக்கும், ஆக்சிஜன் அழுத்தம் ஏறும். நான் ஒருமுறை தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மூடிவைத்தேன். ராத்திரி மூடி பறந்து சுவரெல்லாம் பச்சை. வாடகை வீடு வேறு.

துளையும் ஈயமும்

கழுவித் துடைத்து, அசிட்டோனால் டோனரை எடுத்ததும் துளை. கெப்பாசிட்டர் கால்களுக்கு 0.8 மி.மீ., 7805-க்கும் 4007-க்கும் 1 மி.மீ. கொஞ்சம் மேலே, ஸ்க்ரூ கனெக்டருக்கு 1.3. பேட்டின் நடுவில் முதலில் ஊசியால் ஒரு குழி வைத்துக்கொண்டால் டிரில் வழுக்காது. கிளாஸ் எபாக்ஸித் தூள் கண்ணாடி நார். மாஸ்க் போட்டு, போர்டின்மேல் சொட்டுத் தண்ணீர் விட்டுத் துளையிடுங்கள்.

திறந்த செம்பு மறுபடி களிம்பேறும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, அதே வேலைதான் இங்கேயும்: டிராக்கெல்லாம் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி, சால்டரிங் அயர்ன் நுனியில் கொஞ்சம் ஈயத்தை எடுத்து மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். வெள்ளி நிறத்தில் மெல்லிய பூச்சு நிற்கும், மயிரிழை விரிசல்களும் மூடிக்கொள்ளும். மின்சாரம் கொடுக்கும் முன் மீட்டரைப் பீப் நிலையில் வைத்து உள்ளீட்டுக்கும் கிரவுண்டுக்கும், வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே தொடர்பு இல்லை என்று பார்த்துவிடுங்கள். 7805-ஐ எழுத்துப் பக்கம் நம்மைப் பார்த்தபடி பிடித்தால் இடமிருந்து உள்ளீடு, கிரவுண்டு, வெளியீடு.

மிஞ்சிய பச்சைத் தண்ணீர்

எலுமிச்சை உப்பு, சமையல் உப்பு, புண்ணுக்குப் போடும் மருந்து என்று எல்லாமே சாக்கடையில் ஊற்றத்தக்க பொருள்கள்தான், போர்டை இறக்கும்வரை. அதன்பிறகு அதில் இருப்பது கரைந்த செம்பு. திராட்சைக்கும் தென்னைக்கும் அடிக்கும் போர்டோ கலவையில் மயில்துத்தம் என்ற செம்பு உப்பைச் சேர்ப்பது பூஞ்சையைக் கொல்லத்தான். அதே செம்பு செப்டிக் டேங்க் பாக்டீரியாவையும் குளத்து மீனையும் விடாது. குழந்தைகளுக்கு இது கலர் சோடாபோலத் தெரியும் என்பதையும் மனதில் வையுங்கள்.

டப்பாவைத் திறந்தபடியே எட்டாத இடத்தில் இரண்டு மூன்று நாள் விட்டால் பெராக்சைடு போய்விடும். பிறகு நான்கைந்து சாதாரண இரும்பு ஆணிகளைப் போடுங்கள். பள்ளியில் மயில்துத்தக் கரைசலில் ஆணி போட்ட அதே சோதனை: இரும்பு கரைய, செம்பு ஆணியின்மேல் செம்பழுப்பாகப் படிந்து அடியில் உதிரும். இரண்டொரு நாளில் பச்சை போய்க் கரைசல் மஞ்சள் கலந்த பழுப்பாகும். நிறம் போகவில்லையென்றால் இன்னும் இரண்டு ஆணி. வெறும் சோடா உப்பைப் போட்டுச் செம்பை வீழ்படிய வைக்கலாம் என்பது வினிகர் கலவைக்கு ஒரு மாதிரி சரி. சிட்ரிக் அமிலம் செம்பை விடாமல் பிடித்துக்கொள்வதால் இங்கே ஆணிதான் வழி. கடைசியாக ஆப்ப சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாக, பொங்குவது நிற்கும்வரை சேர்த்து, அகலமான பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவிடுங்கள். அடியில் நிற்கும் சேற்றோடு ஒரு கைப்பிடி சிமெண்டும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துப் பழைய பிளாஸ்டிக் கப்பில் கட்டியாக்கி, பழைய பேட்டரி, குழல்விளக்கு போன்றவற்றை எடுக்கும்போது தூய்மைப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லித் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.